எட்டுக் கம்பமும் மூன்று ஓலையும்

இஞ்ஞாசித்துறையில் கோவிலுக்கும் கடலுக்கும் நடுவே ஒரே ஒரு தெரு, அந்தத் தெருவில் எட்டே எட்டு விளக்குக் கம்பம், எட்டுக் கம்பத்தின் கீழும் எட்டுக் காவல்காரர்கள் நின்றார்கள் என்றால் அது வெளியூர்க்காரர்களுக்குத்தான் அதிசயம். எங்களுக்கு அது, மீன் கூடையில் ஈ உட்காருவதைப் போல, இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிற சங்கதி.

அவர்கள் மீனவர் சங்க அலுவலகத்துக் கணினியிலிருந்து வந்தவர்கள். நாலைந்து நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கப் போகிற விசைப்படகுகளுக்கு, தினமும் சாயங்காலம் கடலின் நிலையைக் கேட்டு வாங்கி ரேடியோவில் சொல்லுவது அந்தக் கணினியின் வேலை. எந்தக் கணினிக்குள்ளும் கெர்னல் என்று ஒரு காவல் உண்டு. தகவல் வட்டைத் திறப்பதும், நினைவகத்தைப் பங்கிடுவதும், ரேடியோப் பெட்டியின் பூட்டைத் திறப்பதும் அதுதான். அது எழுந்தால்தான் கணினி எழும். மற்ற ஊர்களில் கெர்னல் உள்ளேயே இருந்துவிடுகிறது. எங்கள் ஊரில் மத்தியான பஸ்ஸில் வந்து இறங்கியது. காக்கிச் சட்டை, கையில் தகரப்பெட்டி, கழுத்தில் விசில், நெஞ்சில் நாற்பத்திரண்டு என்று எழுதிய பித்தளை வில்லை. அவருடைய முழுப்பெயர் புள்ளிகளும் கோடுகளுமாக நீளமாக இருந்ததால், ஊரில் கடைசி எண் மட்டும் புழங்கியது.

சில மாதம் கழித்துக் கணினி தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டபோது ஐம்பத்தெட்டு வந்து இறங்கினார். நாற்பத்திரண்டு தன் விசிலைக் கழற்றி அவர் கழுத்தில் மாட்டிவிட்டுப் போக வேண்டியதுதான் முறை; விசிலை மாட்டினார், போகவில்லை. போகச் சொல்ல ஆளில்லை. வந்தவர்களைப் போகச் சொல்லுகிற வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. பிறகு அறுபத்துமூன்று வந்தார், எழுபத்தேழு வந்தார், எண்பத்தொன்று, தொண்ணூற்றாறு, நூற்றுநான்கு, நூற்றுப்பத்து என்று நாலு வருஷத்தில் எட்டுப் பேர் சேர்ந்தார்கள். ஒரே முகம், ஒரே மீசை, ஒரே உயரம்; வில்லையில் எண்ணும், அன்றைக்கு யார் கழுத்தில் விசில் இருக்கிறது என்பதும்தான் வித்தியாசம்.

ஊர் அவர்களைத் தன் வேலைகளுக்குள் இழுத்துக்கொண்டது. ஐம்பத்தெட்டுக்கும் அறுபத்துமூன்றுக்கும் நடுவே கொடி கட்டித் துணி காயப்போட்டார்கள். எழுபத்தேழின் காலடியில் கருவாடு பரப்பினால் காக்காய் கிட்டே வராது. ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் என்றால் மெழுகுவர்த்தி பிடிக்க எண்பத்தொன்றைக் கூப்பிட்டார்கள், ஏனென்றால் அவர் கை ஆடாது. வாக்காளர் பட்டியல் எடுக்க வந்த அதிகாரி எட்டுப் பேரையும் எழுதிக்கொண்டு, தகப்பன் பெயர் என்ன என்று கேட்டு, பதில் வராமல், எட்டுப் பேரையும் அடித்துவிட்டுப் போனார். டீக்கடையில் காலையில் எட்டு டீ தனியாகப் போட்டார்கள்.

ஒன்றே ஒன்றுதான் சிக்கல். ஒவ்வொருவரும், தன் கழுத்திலிருந்து விசில் இறங்கிய நாளின் கடலையே தினமும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஐம்பத்தெட்டைக் கேட்டால் எப்போதும் சூரை மீன் கூட்டம். அறுபத்துமூன்றைக் கேட்டால் எப்போதும் தூறல். எல்லோருக்கும் பிடித்தவர் நாற்பத்திரண்டு, ஏனென்றால் அவர், "கடல் சாந்தம், அலை இரண்டடி" என்பார், கார்த்திகை அடைமழையிலும் முகம் மாறாமல் அதையே சொல்லுவார். கடலுக்கு ஆளை அனுப்பிவிட்டு வீட்டில் இருக்க முடியாத பெண்கள் அவர் கம்பத்தின் கீழே போய் ஒரு தரம் கேட்டுவிட்டு வந்து உலை வைப்பார்கள். நானும் போவேன். சங்க அலுவலகத்தில் கணினியைப் பார்த்துக்கொள்கிற வேலை என்னுடையது, விசில் யார் கழுத்தில் இருக்கிறது என்று ஊரில் யாரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும், ஆனாலும் என் புருஷன் ரெமிஜியுஸ் படகில் ஏறிய நாள் தொட்டு, ஏழு மாதக் குழந்தை ஜோவிட்டாவைத் தோளில் போட்டுக்கொண்டு நான் போய் நின்றது நாற்பத்திரண்டின் கீழேதான். தொட்டிலில் தூங்குகிற பிள்ளையின் மூக்கருகே மணிக்கு நாலு தரம் விரலை வைத்துப் பார்க்கிறவள் வேறு எங்கே போவாள்.

அந்தக் கார்த்திகையில் மின்னல் வெட்டி எங்கள் பழைய ரேடியோப் பெட்டி கருகியது. சங்கத் தலைவர் சிங்கராயர் தூத்துக்குடிக்குப் போய்ப் புதுப்பெட்டி வாங்கி வந்து வைத்தார். நூற்றுப்பத்து அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, இந்தப் பூட்டு தனக்குப் பழக்கமில்லை, அடுத்து வருகிறவருக்குத் தெரியும் என்றார். அடுத்து வருகிறவர் நூற்றிருபத்திரண்டு. மறுநாள் மத்தியான பஸ்ஸில் அவர் வந்தார். இறங்கி, தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தார். கம்பத்தின் கீழே அல்லாமல் காவல்காரர் காவலுக்கு நிற்க முடியாது. எட்டுக் கம்பத்திலும் ஆள். பஸ் நிறுத்தத்தில் தகரப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்துவிட்டு சாயங்கால பஸ்ஸில் திரும்பிப் போனார். அலுவலகத்தில் கணினித் திரையில், இடம் இல்லை, பாதியில் நின்றது என்று ஒரு வரி வந்தது. நாலு நாளும் அப்படியே வந்தார், அப்படியே போனார். இந்தக் கணினியை முதலில் அமைத்துக் கொடுத்த மெர்வின் அண்ணன், கெர்னல்களை வைக்கிற பூட் என்கிற அறையை எட்டுப் பேர் அளவுக்கு வெட்டி வைத்துவிட்டு, எட்டுப் பேர் போதாதா என்று சிரித்துவிட்டு, மஸ்கட்டுக்குப் போய்விட்டிருந்தார்.

ஐந்தாம் நாள் காலையில் டிவியில் புயல் என்றார்கள். நாளை மதியம் கரையைத் தொடும் என்றார்கள். எங்கள் ஊர்ப் படகுகள் ஏழு, ஆட்கள் முப்பத்தொரு பேர், செல்போன் எட்டாத தூரத்தில், கடைசியாகக் கேட்ட கடல் நல்ல கடல் என்கிற நம்பிக்கையில் வலை விட்டுக்கொண்டிருந்தார்கள். பொழுது சாய்வதற்குள் சொன்னால் விடிவதற்குள் கரைக்கு வந்துவிடலாம். சாய்ந்த பிறகு சொன்னால் சொல்ல மட்டும்தான் முடியும்.

பழைய கெர்னல்களை அனுப்புவது ஒன்றும் பெரிய வித்தையில்லை. ஷெல் ஸ்கிரிப்ட் என்று ஐந்து வரி எழுதினால் போதும்: இருக்கிறவர்களை எல்லாம் வரிசைப்படுத்து, வரிசையில் கடைசி இரண்டு பேரை விட்டுவிடு, மீதிப் பேரை அனுப்பு. கடைசி ஆள் இப்போது காவலில் இருப்பவர். அதற்கு முந்தின ஆள், அவருக்கு ஏதாவது ஆனால் விசிலை வாங்கிக்கொள்ள. இதில் பயப்பட வேண்டியது ஒன்றே ஒன்று. வடக்கே அடுத்த துறையில் ஒருவன் அவசரத்தில் கையாலேயே ஆட்களை அனுப்பப்போய், விசில் போட்டிருந்தவரையே பஸ் ஏற்றிவிட்டான். அணைத்த கணினி எழவில்லை. ஒன்பது நாள் அந்த ஊருக்குக் கடல் என்ன சொல்கிறது என்றே தெரியவில்லை.

எனக்குக் கான்வென்ட்டில் வந்த பழக்கம் ஒன்று உண்டு. விடைத்தாளைக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு தரம் வாய்விட்டு வாசித்துவிட்டுத்தான் சிஸ்டர் லியோனில்டாவிடம் கொடுக்க வேண்டும். அதனால் எந்தக் கட்டளை எழுதினாலும் முதலில் அதற்கு முன்னால் எக்கோ என்று ஒரு சொல்லைப் போட்டுவைப்பேன். அது இருந்தால் கணினி காரியத்தைச் செய்யாது. என்ன செய்யப்போகிறேன் என்று சொல்லிக் காட்டிவிட்டு நிற்கும். அப்படிச் சொல்லிக் காட்டிய ஆறு எண்களைத் தாளில் எடுத்துக்கொண்டு, ஒரு கையில் ஜோவிட்டாவுமாகத் தலைவரிடம் போனேன்.

சிங்கராயர் ஒத்துக்கொள்ளவில்லை. இந்த ஊரில் வந்த ஆளை யாரும் துரத்தியதில்லை, தன் காலத்தில் அந்தப் பேர் வேண்டாம் என்றார். கோவில் உபதேசியார் தொபியாஸ் அங்கே உட்கார்ந்து பாக்கு மென்றுகொண்டிருந்தார். கலியாணம் என்றால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிக்கிறோம், தடை தெரிந்தவர்கள் சொல்லட்டும் என்று. சேர்த்து வைப்பதற்கே மூன்று தரம் ஊரைக் கேட்கிறபோது பிரித்து அனுப்புவதற்குக் கேட்க வேண்டாமா என்றார். மூன்று ஞாயிறுக்குப் புயல் காத்திருக்காது என்றேன். அவர் பங்குச் சாமியாருக்கு போன் போட்டார். அவசரம் என்றால் ஒரே நாளில் மூன்று ஓலையும் வாசிக்கலாம் என்று சாமியார் சொல்லிவிட்டார். உபதேசியார் முகம் கொஞ்சம் வாடிப்போனது. ஊரைக் கேட்டு அனுப்புவதென்றால் சரி என்று சிங்கராயரும் இறங்கி வந்தார்.

கோவில் ஒலிபெருக்கியில் முதல் ஓலை போனது. "கீழ்க்கண்ட காவல்காரர்களை இந்தத் துறையின் பணியிலிருந்து விடுவிக்க இருக்கிறோம். இதற்குத் தடை அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். இது முதல் ஓலை." எண்கள் ஒவ்வொன்றாகத் தெருவில் இறங்கின. நாற்பத்திரண்டு என்று கேட்டதும் பெண்கள் கரண்டியும் கையுமாகக் கோவில் முற்றத்துக்கு வந்துவிட்டார்கள். அவரை விட மாட்டோம், மற்ற ஏழு பேரையும் வேண்டுமானால் அனுப்பு, ஒரு நல்ல வார்த்தை சொல்லுகிற ஆள் ஊரில் இருந்தால் உனக்கென்ன வலிக்கிறது என்று கேட்டார்கள். உன் புருஷனும்தானே கடலில் இருக்கிறான் என்று ஒருத்தி கேட்டாள்.

எனக்குக் கூட்டத்தில் பேச வராது. பிள்ளையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டேன்.

"நானும் தெனம் அவருகிட்டதான் போய் நிக்கேன் மைனி," என்றேன். "ஆனா அவரு சொல்லுதது நாலு வருசத்துக்கு முந்தின கடலு. அந்தக் கடல்ல இப்ப நம்ம ஆளுக யாரும் இல்ல."

அவர்கள் திரும்பிப் போகவில்லை. முற்றத்திலேயே மணலில் உட்கார்ந்துகொண்டார்கள். இரண்டாம் ஓலை போனது. தடை என்று யாரும் எழவில்லை. மேற்கே வெயில் இருக்க, கிழக்கே வானம் அடுப்புச் சட்டியின் அடிப்பக்கம் போல இருந்தது. நான் அலுவலகத்துக்கு ஓடி, கட்டளையின் முன்னால் இருந்த எக்கோவை அழிக்கக் கையை வைத்துக்கொண்டு மூன்றாம் ஓலைக்காகக் காத்திருந்தேன்.

மூன்றாம் ஓலையின் நடுவில்தான் கயித்தானம்மாள் வந்தார். ஏலக்கூடத்தில் மீன் ஏலம் கூவுகிறவர் அவர். முப்பது வருஷமாகக் கூவிக் கூவி, எதிரே நிற்கிற கடலையே ஏலத்துக்கு எடுக்கிற குரல். அதுவரை தார்ப்பாயை இழுத்துக் கட்டுவதில் இருந்தவர், முதல் இரண்டு ஓலையைக் காதில் வாங்கவில்லை. இடுப்பில் செருகின சேலையோடு தெருவில் நடந்து வந்தவர், உபதேசியார் நூற்றுநான்கு, நூற்றுப்பத்து, நாற்பத்திரண்டு என்று வாசித்ததும் நின்றார். நின்ற இடம் முதல் கம்பம். அங்கே நூற்றுப்பத்து, எண் சொன்னால் கீழ்ப்படிய வேண்டியதுதானே என்கிற பணிவோடு, கழுத்திலிருந்து விசிலைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"நிறுத்தும் உபதேசியாரே," என்று அவர் சொன்னது ஒலிபெருக்கி இல்லாமலே அலுவலகத்துக்குள் கேட்டது. "தடை இருக்கு."

அப்புறம் ஜன்னல் வழியாக என்னைக் கூப்பிட்டார்.

"ஏ புள்ள பெனிற்றா, முப்பது வருசமா ஏலம் போடுதேன். நூத்திப்பத்துக்குப் பொறவு நாப்பத்திரெண்டு கேக்குதவன நான் பார்த்ததே இல்ல. மேல போன ஏலம் கீழ எறங்குதுன்னா நடுவுல ஏதோ தப்பு இருக்கு. விசில் போட்டுருக்கவனையா பஸ் ஏத்தப் போற?"

அப்போதுதான் கையிலிருந்த தாளை நான் கண்ணால் பார்த்தேன். அதுவரை நம்பிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன், பார்க்கவில்லை. வரிசைப்படுத்து என்றால் கணினி எண்ணாக வரிசைப்படுத்தாது, எழுத்தெழுத்தாகப் பார்க்கும். ஒன்றில் தொடங்குகிற நூற்றுநான்கும் நூற்றுப்பத்தும் அதற்கு, நாலில் தொடங்குகிற நாற்பத்திரண்டுக்கு முன்னால். அப்படி வரிசை போட்டுவிட்டு, கடைசி இரண்டு பேர் என்று எண்பத்தொன்றையும் தொண்ணூற்றாறையும் ஊருக்குக் காவலாக வைத்துக்கொண்டு, காவலில் இருப்பவரையும் அவருக்கு அடுத்து நிற்க வேண்டியவரையும் நான் அனுப்ப இருந்தேன். புதியவர் இன்னும் பாதிதான் வந்திருக்கிறார். இந்த ஐந்து வரியை ஓட்டி, கணினியை அணைத்துப் போட்டிருந்தால், முப்பத்தொரு பேரும் நல்ல கடல் என்கிற நினைப்பிலேயே இருந்திருப்பார்கள்.

ஜன்னலைப் பார்த்து, "மாமி, இதுக்கு எண்ணத் தெரியாது, எழுத்துதான் தெரியும்," என்றேன்.

"அப்ப எண்ணத் தெரிஞ்சவகிட்ட கேட்டிருக்கலாம்லா," என்றார் அவர். "சரி, பயந்தது போதும். திருத்து."

திருத்தம் ஒரே எழுத்து; வரிசைப்படுத்து என்கிற சொல்லின் பின்னால் இங்கிலீஷில் ஒரு பெரிய வி. அதைப் போட்டால் எண்ணின் பெருமை சிறுமை கணினிக்குப் புரியும். அதோடு விடவில்லை, ஆறாவதாக ஒரு வரியும் எழுதினேன்: விசில் யார் கழுத்தில் இருக்கிறதோ அவர் பெயரை, வரிசை என்ன சொன்னாலும், தாளிலிருந்து எடுத்துவிடு. மறுபடி எக்கோ. மறுபடி தாள். இந்த முறை கயித்தானம்மாள்தான் முதலில் வாங்கி, உதடு அசையப் படித்து, ஏறுகிறதா என்று பார்த்து, ஏறுகிறது என்று சொல்லி உபதேசியாரிடம் கொடுத்தார். நூற்றுப்பத்து ஆணியிலிருந்து விசிலை எடுத்துத் திரும்ப மாட்டிக்கொண்டார்; அவருக்கு வருத்தமும் இல்லை, நிம்மதியும் இல்லை.

பட்டியல் மாறினால் ஓலையும் முதலிலிருந்து என்றார் தொபியாஸ். யாரும் அவரைத் திட்டவில்லை, திட்டுவதற்கு நேரமில்லை. அவர் மூன்று ஓலையையும் ஒரே மூச்சில், நடுவில் எச்சில் விழுங்காமல், சங்கீதம் படிப்பதைப் போல ராகமாக வாசித்தார். நாற்பத்திரண்டு, ஐம்பத்தெட்டு, அறுபத்துமூன்று, எழுபத்தேழு, எண்பத்தொன்று, தொண்ணூற்றாறு. மூன்றாம் தரம் முடிந்ததும் முற்றத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள், யாரும் சொல்லிக்கொடுக்காமல், "தடை இல்லை," என்றார்கள். நான் எக்கோவை அழித்துவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு, ஸ்கிரிப்டை ஓட்டினேன்.

ஆறு பேரும் ஒரே சமயத்தில் குனிந்து ஆறு தகரப்பெட்டிகளைத் தூக்கினார்கள். துணிக்கொடியை அவிழ்த்துக் கையில் சுருட்டிக்கொண்டார்கள் பெண்கள். எழுபத்தேழின் காலடியிலிருந்து கருவாட்டை வாரினார்கள். டீக்கடைக்காரர் ஆறு கிளாஸைக் கொண்டுவந்து கொடுத்து, குடித்ததும் வாங்கிக்கொண்டார். மத்தியான பஸ் அன்றைக்கு இரண்டு மணி நேரம் தாமதமாக வந்ததை ஊரில் யாரும் தற்செயல் என்று சொல்லுவதில்லை. அதிலிருந்து நூற்றிருபத்திரண்டு இறங்கினார், அவர் இறங்கிய படியிலேயே அவர்கள் ஏறினார்கள். கடைசியாக நாற்பத்திரண்டு. அலுவலக வாசலில் நின்று என்னைப் பார்த்து, "கடல் சாந்தம், அலை இரண்டடி," என்றார். போயிட்டு வாங்க என்று சொல்ல வாயெடுத்தேன். நிறுத்திக்கொண்டேன்.

"போங்கண்ணே," என்றேன். பிறந்ததிலிருந்து அப்படி நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஆறு கம்பங்கள் காலியாக நின்ற தெரு எங்கள் தெரு மாதிரியே இல்லை; அந்தக் கோடியில் கடல் தெரிந்தது. நூற்றிருபத்திரண்டு இரண்டாம் கம்பத்தின் கீழே பெட்டியை இறக்கினார். நூற்றுப்பத்து விசிலை அவர் கழுத்தில் மாட்டினார். நான் கணினியை அணைத்து எழுப்பினேன். அது எழுவதற்கு ஒன்றரை நிமிஷம். அந்த ஒன்றரை நிமிஷமும் திரை கறுப்பாக இருக்க, பிள்ளையின் மூக்கருகே விரலை வைத்தபடி நின்றேன், அவளுடைய மூச்சைத்தான் எண்ணினேன், நாற்பத்தாறு மூச்சு. நாற்பத்தேழாவதில் விசில் ஊதியது. ரேடியோப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது.

புயல், உடனே கரை திரும்பவும் என்று சொன்னோம். சூரியன் பனைகளின் தலையைத் தொட்டுக்கொண்டிருந்தது. முதல் படகு பதில் சொன்னது. வாசலில் நின்ற கயித்தானம்மாள் தெருவைப் பார்த்துக் கூவினார், "ஒண்ணு." அடுத்த படகு பேசியது. "ரெண்டு." மூன்று, நான்கு, ஐந்து என்று ஏலம் ஏறிக்கொண்டே போனது, அவர் குரல் ஏறிக்கொண்டே போனது, முற்றத்துப் பெண்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். ஆறுக்குப் பிறகு பெட்டி வெறுமனே இரைந்தது. எனக்குத் தெரியும், இன்னும் பேசாதது யார் படகு என்று; ஊருக்கும் தெரியும். கயித்தானம்மாள் கூவுவதை நிறுத்தவில்லை. ஏலத்தில் கேட்கிற ஆள் கிடைக்கும்வரை அதே விலையைத் திருப்பித் திருப்பிச் சொல்லுவார்களே, அப்படி, "ஆறு, ஆறு, ஆறு," என்று சொல்லிக்கொண்டே இருந்தார், விட்டால் ஏலம் முறிந்துவிடும் என்பது போல. அப்புறம் இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு குரல், புதுப்பெட்டியில் கொஞ்சம் மூக்கடைத்த மாதிரி, வலையை இழுத்துக்கொண்டிருந்தோம், வருகிறோம், பிள்ளை தூங்கிவிட்டாளா என்று கேட்டது.

"ஏழு," என்றார் கயித்தானம்மாள். "ஏழு ஒரு தரம். ஏழு ரெண்டு தரம். ஏழு மூணு தரம்." தொபியாஸ் போய்க் கோவில் மணியை அடித்தார். எதற்கு அடிக்கிறோம் என்று அவருக்கும் தெரியவில்லை, அடித்தார்.

விடியும்போது ஏழு படகும் துறைக்குள் இருந்தன. அப்போதிருந்து மாதத்தின் முதல் ஞாயிறு பூசை முடிந்ததும் எங்கள் ஊரில் காவல்காரர்களுக்கு ஓலை வாசிக்கிறோம். தாளைக் கயித்தானம்மாள் முதலில் பார்ப்பார். தெருவில் எப்போதும் இரண்டே பேர்தான், காவலில் ஒருவர், துணைக்கு ஒருவர். மீதி ஆறு கம்பங்களில் வலை காய்கிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த மறுநாள் மதியத்தை. புயல் தெருவுக்குள் வந்து ஓடுகளைப் பெயர்த்துக்கொண்டிருந்தது. ரெமிஜியுஸ் ஈர உடம்போடு பாயில் படுத்துக் குறட்டை விட, அவன் பக்கத்தில் ஜோவிட்டா தூங்கிக் கிடந்தாள். இரண்டாம் கம்பத்தின் கீழே, மழையில், விசிலை ஒரு தரம் ஊதிவிட்டு நூற்றிருபத்திரண்டு சொன்னார்: "கடல் கொந்தளிப்பு. அலை பதினான்கடி. யாரும் கடலுக்குப் போக வேண்டாம்."

யாரும் போகவில்லை. அதைக் கேட்டுக்கொண்டே நான் பிள்ளையின் மூக்கருகே இருந்த விரலை எடுத்துக்கொண்டு, அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவே படுத்துத் தூங்கிப்போனேன்.